தொழிலா? தளையா?

காலையில் கணக்கும் இலக்கியமும். நண்பகல் மணி அடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறாள் ஒரு மாணவி. வயது பதினாறு. வீட்டுக்குப் போகவில்லை, பேருந்து ஏறி ஒரு மோட்டார்ப் பட்டறைக்குப் போகிறாள். அவளோடு படிக்கும் ஒருவன் கால்நடை மருத்துவரிடம் போகிறான். இன்னொருவன் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிறான். மற்றொருத்தி தொடக்கப் பள்ளியில் ஆசிரியைக்குத் துணையாக நிற்கிறாள். மாலை வரை அங்கே வேலை. ஒரு பருவம் முழுவதும் நாளும் இப்படியே. அனுப்புவது பள்ளிக்கூடம்; அதற்கு விதி வகுத்திருப்பது அரசு; அந்த வேலைக்கும் பாடம் என்றே பெயர்!

கனடா நாட்டில், ஒண்டாரியோ மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில் காணக்கூடிய காட்சி இது. கூட்டுறவுக் கல்வி என்பது அதன் பெயர். மாணவர் வாயில் அது சுருங்கி 'கோ-ஆப்' என்று வழங்குகிறது. பால் சங்கம், நெசவாளர் சங்கம் என்று நாம் சொல்லும் கூட்டுறவு அன்று அது. பள்ளியும் பணியிடமும் கூடி நடத்துகிற கல்வி என்பதால் அந்தப் பெயர்.

இதைக் கேட்டதும் நம் தோழர்கள் சிலருக்கு நெஞ்சம் துணுக்குறும். துணுக்குறத்தான் வேண்டும்! பாதி நாள் பள்ளி, பாதி நாள் தொழில் என்ற பேச்சை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். கேட்டுக் கொதித்திருக்கிறோம். கொதித்துக் களம் கண்டிருக்கிறோம். துரத்தி அடித்த அந்தப் பேய்தான் கோட்டு அணிந்து, தொப்பி வைத்து, கடல் கடந்து போய்க் குடியேறியிருக்கிறதா? அல்லது பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் பண்பால் வேறான ஒன்றா? இதை ஆராய்வது நம் கடமை. பழைய பகை என்று பெயரைக் கேட்டே வெறுப்பதும், புதிய நாடு என்று பெயரைக் கேட்டே போற்றுவதும் பகுத்தறிவு ஆகாது.

முதலில் பழைய கதை. பல முறை சொல்லப்பட்டதுதான் என்றாலும், இன்று பதினெட்டு வயது நிரம்பிய தோழனுக்கு அது பாட்டன் காலத்துச் செய்தி.

1953. சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் இராஜகோபாலாச்சாரியார். தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் நாளொன்றுக்கு 5 மணி நேரமாக இருந்த வகுப்பு 3 மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளைகள் இரு பிரிவாகி, முறை வைத்து வந்தனர். எஞ்சிய பொழுதில் அவர்கள் என்ன செய்வது? தந்தையின் தொழிலில் துணை நிற்பது; அதற்கு வழியில்லையேல் ஊரிலுள்ள வேறு கைவினைஞரிடம் போய்ப் பழகுவது. பள்ளி போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, பணம் போதவில்லை, இரண்டு முறை வைத்தால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம் என்றெல்லாம் காரணம் காட்டப்பட்டது. கையால் வேலை செய்வது கல்விக்கு நல்லது என்று தத்துவமும் பேசப்பட்டது.

நாடு அதற்கு இட்ட பெயர் குலக்கல்வி. அந்த ஒரு சொல்லில் திட்டத்தின் உயிர்நிலை பிடிபட்டுவிட்டது. தந்தை தொழில் என்றால் நம் ஊரில் என்ன பொருள்? முடிவெட்டுபவர் மகன் கத்தி பிடிக்க வேண்டும்; வெளுப்பவர் மகன் துறைக்குப் போக வேண்டும்; செருப்புத் தைப்பவர் மகன் தோலின் முன் உட்கார வேண்டும்; மலம் அள்ளுபவர் மகன்? அதை எழுதவும் கை கூசுகிறது! கோப்புக் கட்டுகளுக்கு நடுவே அமர்ந்த தந்தையின் மகனுக்கோ இந்தப் பயிற்சி தேவைப்படவில்லை. திட்டம் நகரத்துக்கு வரவில்லை; நாட்டுப்புறத்தோடு நின்றுகொண்டது. கைத்தொழில் அத்துணை உயர்ந்தது என்றால் அந்த உயர்வை நகரத்து உயர்ந்தோர் ஏன் தம் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை? இந்தக் கேள்விக்கு அன்றும் விடை வரவில்லை, இன்றும் வரவில்லை.

பெரியார் எதிர்த்தார். திராவிட முன்னேற்றக் கழகம் 1953 சூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்காகவே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இராஜகோபாலாச்சாரியார் பதவியில் இல்லை. காமராசர் வந்தார். 1954 மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இப்போது கனடாவுக்குத் திரும்புவோம். ஒண்டாரியோவில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெற ஒரு மாணவர் 30 பாட அலகுகள் முடிக்க வேண்டும். 'கிரெடிட்' என்று அவர்கள் சொல்லும் ஓர் அலகுக்கு 110 மணி நேரப் படிப்பு. இரண்டு அலகு 'கோ-ஆப்' எடுத்தால் 220 மணி. ஒரு பருவத்தில் பாதி நாள். பெரும்பாலும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இதை எடுக்கின்றனர். எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வாசலைக் காட்டி, போய் வேலை செய் என்று பள்ளி விட்டுவிடுவதில்லை. முதலில் வகுப்பறையில் ஆயத்தம்: பணியிடத்தில் உன் உரிமை என்ன, தீங்கு நேராமல் காத்துக்கொள்வது எப்படி, ஆபத்தான வேலையை மறுப்பது எப்படி என்று பாடம். பிறகு மாணவருக்கென ஒரு கற்றல் திட்டம் எழுதப்படுகிறது. அங்கே எதைக் கற்கப் போகிறார், பள்ளியில் படித்த எந்தப் பாடத்தோடு அது பொருந்துகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆசிரியர் பணியிடத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டு கண்காணிக்கிறார். சம்பளமின்றி வேலை பழகும் மாணவருக்கு அடிபட்டால் இழப்பீடு கிடைக்க மாநிலக் கல்வித் துறை காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. தொழிற்சாலைக்குள் போக 15 வயது, கட்டடப் பணிக்கு 16, நிலத்தடிச் சுரங்கத்துக்கு 18 என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. மீண்டும் வகுப்பறையில் கூடி, கண்டதையும் கற்றதையும் எண்ணிப் பார்ப்பதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதி.

இந்த முறையின் வேர் பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், மாணவரைச் சில காலம் வகுப்பிலும் சில காலம் தொழிற்சாலையிலுமாக மாற்றி மாற்றி வைத்துப் பயிற்றினார். முதலில் சேர்ந்தவர் 27 பேர். 1957இல் கனடாவின் வாட்டர்லூவில் தோன்றிய பல்கலைக்கழகம் அதே முறையில் தொடங்கி அதனாலேயே பெயர் பெற்றது. அங்கிருந்து அது உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இறங்கி வந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பாதி நாள் என்பது இரண்டிலும் உண்டு. பணியிடம் என்பது இரண்டிலும் உண்டு. கைப்பயிற்சி என்பது இரண்டிலும் உண்டு. பின் வேறுபாடு எங்கே?

வயது ஒரு வேறுபாடு. அங்கே பதினாறு வயது. இங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிஞ்சு. படிப்பை வெட்டியதா, கூட்டியதா என்பது இன்னொரு வேறுபாடு. எனினும் அடிப்படை வேறுபாடு இவை இரண்டும் அல்ல என்பது நம் கருத்து. அடிப்படை வேறுபாடு ஒரு கேள்வியில் இருக்கிறது: ஒரு மனிதன் என்னவாக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு?

பிறப்புக்கு, என்கிறது வருணாசிரமம். தந்தைக்கு, என்கிறது குடும்பம். தேவைக்கேற்ப நாமே வகுத்துத் தருகிறோம், என்கிறது அரசு. இந்த ஆண்டு எந்த வேலைக்குக் கூலி அதிகமோ அதற்கே, என்கிறது சந்தை. இத்தனை பேர் கூடிப் பேசும் அவையில், எவன் வாழப் போகிறானோ அவன் மட்டும் வாய்மூடி நிற்கிறான்!

அவனுக்கே அந்த உரிமை என்கிறோம் நாம். மனிதனுக்குத் தன்மானம் உண்டு என்று ஒப்புக்கொண்டவர் வேறு விடை சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டதாலேயே நம் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. அங்கேதான் இடர் தொடங்குகிறது.

தேர்ந்தெடு என்கிறோம். எதிலிருந்து தேர்ந்தெடுப்பான்? தன் தெருவில் கண்ட தொழில்கள் நான்கு. திரையில் கண்டவை மூன்று. அக்கம்பக்கத்தார் புகழ்ந்து பேசுபவை இரண்டு. உலகத்தில் உள்ள தொழில்களோ ஆயிரக்கணக்கில். மருத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறான் ஒருவன். நோயாளியின் அருகில் ஒரு நாழிகை நின்றிருப்பானா? நில அளவை என்றால் என்ன, ஆய்வகத்தில் நீரைச் சோதிப்பவர் யார், பாலம் பழுதாகும் முன்னரே அதைக் கண்டுபிடிப்பவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? அறியாததைத் தேர்ந்தெடுக்க இயலாது. அறியாமல் எடுப்பது தேர்வன்று, திருவுளச்சீட்டு! சீட்டெடுக்கும் கிளிக்கும் அந்த மாணவனுக்கும் வேறுபாடு என்ன?

ஆகவே, உரிமை உண்மையாக வேண்டுமானால் அறிவு வேண்டும். தொழிலைப் பற்றிய அறிவு நூலில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி தொழில் நடக்கும் இடத்தில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கிலும், இரவுப் பணியின் தூக்கக் கலக்கத்திலும், கோபத்தோடு வரும் வாடிக்கையாளரின் சொல்லிலும், ஒரு குழந்தை முதன்முதலாக எழுத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கும் சிரிப்பிலும் இருக்கிறது. அந்த இடத்தை வாழ்நாளுக்கென்று அன்றி, ஒரு பருவத்துக்கு மட்டும் பார்த்துவர வழி செய்வது உரிமைக்குப் பகையன்று. உரிமைக்குக் கண் கொடுப்பது.

இப்போது நம் உரைகல் கிடைத்துவிட்டது. தங்கமா பித்தளையா என்று உரைத்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: போன பிள்ளை திரும்பி வரலாமா?

மோட்டார்ப் பட்டறைக்குப் போன அந்த மாணவி பருவத்தின் முடிவில் வந்து, "இந்த வேலை எனக்கு வேண்டாம், நான் வரலாறு படிக்கப் போகிறேன்" என்று சொல்லலாம். சொன்னால் அவள் தோற்றவள் ஆகமாட்டாள். அவள் பாட அலகு பறிபோகாது. பல்கலைக்கழகத்தின் கதவு மூடப்படாது. தனக்கு எது வேண்டாம் என்று பதினாறு வயதில் அறிந்தவள், முப்பது வயதில் அதை அறிந்து மனம் நொந்து நிற்பவளைவிட நல்வாய்ப்பு உடையவள் அல்லவா? அந்த 220 மணி நேரம் வீணாகவில்லை. ஒரு வாழ்க்கை வீணாகாமல் காத்திருக்கிறது.

குலக்கல்வியில் போன பிள்ளை திரும்பி வர முடியுமா? "அப்பா, இந்தத் தொழில் எனக்கு வேண்டாம்" என்று சொல்ல ஒரு வழி இருந்ததா? அங்கே வாசல் ஒன்றுதான். அதுவும் உள்ளே போக மட்டும். கூட்டுறவுக் கல்வியில் வாசல் இரண்டு: போக ஒன்று, வர ஒன்று. தொழில் ஒன்றாகவே இருக்கலாம். திரும்பி வரும் உரிமை இருந்தால் அது கல்வி, இல்லையேல் தளை.

இப்படிச் சொன்னதும், அப்படியானால் கனடா சொர்க்கம்தானே என்று கேட்பார்கள். நாம் சொர்க்கத்தை நம்புகிறவர்கள் அல்லர். அது விண்ணில் இருப்பதாகச் சொன்னாலும் சரி, வட அமெரிக்காவில் இருப்பதாகச் சொன்னாலும் சரி! அங்கும் பிறப்பு தோற்றுப் போய்விடவில்லை. முன்வாசலில் தடுத்தால் பின்வாசலில் நுழையப் பார்க்கிறது.

1999 முதல் ஒண்டாரியோவில் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை முதன்மைப் பாடங்களில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று ஏட்டுப் படிப்பு வழி. மற்றொன்று செய்முறை வழி. பதினான்கு வயதுப் பிள்ளையின் விருப்பம் என்றே சொன்னார்கள். விருப்பத்தின் முகத்திரையை விலக்கிப் பார்த்தது யார்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை. டொராண்டோ பள்ளி வாரியத்தில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த கணக்கு அதில் இருந்தது. வெள்ளை இனத்து மாணவரில் நூற்றுக்கு 81 பேர் ஏட்டுப் படிப்பு வழியில்; கறுப்பின மாணவரில் நூற்றுக்கு 53 பேர்தான் அந்த வழியில்! மூளையின் நிறம் எல்லோருக்கும் ஒன்றுதான். தோலின் நிறம் பார்த்து விருப்பம் மாறுமா? மாற்றப்பட்டிருக்கிறது என்பதே பொருள். 2021இல் கணக்குப் பாடத்திலும், 2022இல் ஒன்பதாம் வகுப்பின் மற்றப் பாடங்களிலும் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. சட்டம் பிறப்பைச் சொல்லாத நாட்டிலும், ஆசிரியரின் ஒரு வார்த்தை, "உனக்கு இது போதுமே" என்ற அந்த அன்பான வார்த்தை, மனுவின் வேலையைச் செய்துவிடும். சாதி என்ற சொல் இல்லாமலே சாதி செய்ய முடியும், தோழர்களே!

'கோ-ஆப்' இடம் தேடும்போதும் அதே ஆபத்து. இடம் எப்படிக் கிடைக்கிறது? பள்ளி தேடித் தருவதுண்டு. மாணவரே தேடிக்கொள்வதும் உண்டு. தேடும்போது யாரைத் தெரியும் என்பது எடையேறுகிறது. பல் மருத்துவரின் மகளுக்கு அப்பாவின் நண்பர் மருத்துவமனையில் இடம். கிடங்கில் பெட்டி தூக்கும் தந்தையின் மகனுக்குத் தெரிந்தவர் யார்? அந்தக் கிடங்குக்காரர்தான்! யாரும் கட்டளையிடவில்லை, யாரும் சாத்திரம் ஓதவில்லை. ஆயினும் பருவம் முடியும்போது தந்தை நின்ற இடத்தில் மகன் நிற்கிறான். விருப்பத்தின் பெயரால் குலக்கல்வி நடந்து முடிந்துவிடுகிறது.

மற்றொன்று கூலி. பணி பழகும் இடங்களில் பெரும்பாலும் சம்பளம் இல்லை. கற்பதற்குச் சம்பளம் எதற்கு என்பார் வசதி உள்ளவர். வீட்டு வாடகைக்கு மாலை வேலை செய்து உதவும் பிள்ளைக்கு அந்த 220 மணி நேரம் எத்தனை வேளைச் சோறு என்று அவர் கணக்குப் பார்த்ததில்லை. கற்பிக்காமல் கூட்டச் சொல்லியும், கணினியைத் தொடவிடாமல் தேநீர் வாங்கிவரச் சொல்லியும் பொழுதைக் கழிக்கும் முதலாளி எந்த நாட்டிலும் முளைக்கக் கூடியவரே. கண்காணிக்கும் ஆசிரியர் கண்ணயர்ந்தால், கல்வி இலவச உழைப்பாக மாறிவிடும். அதனால்தான் எழுதி வைத்த கற்றல் திட்டமும், நேரில் சென்று பார்க்கும் ஆசிரியரும், மறுக்கும் உரிமையைச் சொல்லித் தரும் முதல் பாடமும் அந்த முறைக்கு உயிர். அவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் உடல்.

இதுவரை எதிரியைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றியும் சிறிது பேச வேண்டும். அது கசக்கும். கசந்தாலும் மருந்து.

டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் நம் தமிழர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். 1983 சூலையில் இலங்கையில் மூண்ட கொடுமைக்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களும் அவர்தம் மக்களும். அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தந்தை அங்கே உணவகத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறார். தாய் தொழிற்சாலையில் இரவு முறையில் நின்றிருக்கிறாள். அந்த வீட்டுப் பையன் ஒருநாள் வந்து, "நான் மின்பணியாளர் ஆகப் போகிறேன், அதற்கே 'கோ-ஆப்' கேட்டிருக்கிறேன்" என்கிறான். "இதற்காகவா கடல் கடந்து வந்தோம்?" என்று கேட்கிறார் தந்தை.

அந்தத் தந்தையை நாம் ஏளனம் செய்யமாட்டோம். கைவேலை என்றால் அவமானம் என்று அவருக்குக் கற்பித்தது யார்? நூற்றாண்டுக் கணக்காகக் கையால் உழைத்தவனைக் கீழே வைத்து, உழைக்காதவனை மேலே வைத்த சமுதாயம். ஏணியில் ஏற ஒரே ஒரு படிதான், அது ஏடு என்று அவருக்குக் காட்டிய வரலாறு. அவர் அஞ்சுவது கம்பியையும் திருப்புளியையும் அன்று. அவற்றோடு சேர்ந்து வரும் இழிவை. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

நியாயம் இருக்கிறது, ஆனால் முடிவு தவறு. குலத்தொழிலை எதிர்த்தோம், 'குலம்' என்ற சொல்லைத்தானே எதிர்த்தோம்? 'தொழில்' என்ற சொல்லை அன்றே! நம் வீடுகள் சிலவற்றில் குலம் அப்படியே இருக்கிறது. தொழில்தான் வெளியே தள்ளப்பட்டது. பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வெட்டினோம். அந்த இடத்தில் கல்லூரிப் பட்டத்தை வைத்துக்கொண்டு, பட்டம் இல்லாதவனைப் பழைய பார்வையே பார்க்கிறோம். மருத்துவரும் பொறியாளரும் மேல். குழாய் பொருத்துபவர் கீழ். இது யார் எழுதிய வரிசை? மனுவின் நூலைக் கொளுத்திவிட்டு, அதன் உள்ளடக்க அட்டவணையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டோமா?

பெண்ணின் நிலையையும் பாருங்கள். அவளுக்கு எல்லாக் குலத்திலும் ஒரே குலத்தொழில்தான்: அடுப்பு. இன்று அடுப்பை விட்டு வெளியே வந்தவளுக்கும், "இது பெண்ணுக்கு ஏற்ற வேலை" என்று வேலியிட்டு வைத்திருக்கிறோம். மோட்டார்ப் பட்டறைக்குப் போன அந்தப் பதினாறு வயதுப் பெண்ணைத் தொடக்கத்தில் காட்டினோமே, அவளை நம் மகளாக எண்ணிப் பார்த்தபோது எத்தனை பேர் முகம் சுளித்தோம்?

தந்தையின் தொழிலைச் செய்யாதே என்பது நம் கொள்கை அன்று; செய்தே தீர வேண்டும் என்பதை ஏற்கமாட்டோம் என்பதே கொள்கை. தச்சர் மகன் எல்லாவற்றையும் பார்த்து, எடைபோட்டு, மரத்தையே விரும்பினால் அவன் விடுதலை பெற்றவன். மருத்துவர் மகன் தந்தையின் கட்டளைக்கு அஞ்சி மருத்துவம் படித்தால், அவன் பட்டு நூலால் கட்டப்பட்ட அடிமை. எந்தத் தொழில் என்பதில் இல்லை விடுதலை. எப்படி வந்தது என்பதில் இருக்கிறது.

அறிஞர் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கே அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் ஜான் டூயி. அந்த டூயி கைத்தொழிலைக் கல்வியில் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர். 1896இலேயே சிகாகோவில் சோதனைப் பள்ளி நடத்தி, சமையலும் நெசவும் தச்சும் வழியாக அறிவியலும் வரலாறும் சொல்லித் தந்தவர். அவரே 1915இல் தொழிற்கல்வி பற்றிய வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றார்! ஏன்? தொழிலாளியின் பிள்ளையை இருக்கிற ஆலைக்கு ஏற்றாற்போல் செதுக்கித் தருவது கல்வி ஆகாது. இருக்கிற ஆலையை மாற்றும் அறிவையும் அவனுக்குத் தர வேண்டும் என்பது அவர் வாதம். மாணாக்கர் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, சாதி என்பது திறமையும் விருப்பமும் பார்த்து வேலையைப் பங்கிடும் ஏற்பாடு என்ற பசப்பைக் கிழித்தெறிந்தார். பிறக்கும் முன்னரே பெற்றோரின் நிலை கொண்டு தொழிலை ஒட்டிவிடுவதால், வேலையில் மனம் செல்லாமல் அறிவும் ஊக்கமும் வாடுகின்றன என்று காட்டினார். ஆசிரியரும் மாணாக்கரும் இரண்டு கண்டங்களில் நின்று காட்டியது ஒரே வழி: தொழில் வேண்டும், விலங்கு வேண்டாம்.

இனி நம் நாட்டை உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பருவத்தில் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பையின்றி, உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பழக வேண்டும் என்கிறது. பத்து நாளில் பாதகமில்லை என்று தோன்றலாம். நாம் கேட்கிறோம்: உள்ளூர் மருத்துவர் எங்கே? உள்ளூர் நீதிபதி எங்கே? வங்கி மேலாளர் எங்கே? குயவரிடம் போகும் பிள்ளைகளுக்குள் எவர் வீட்டுப் பிள்ளைகளை எவரிடம் அனுப்புவது என்று முடிவு செய்பவர் யார்? ஊரின் பழக்கம் முடிவு செய்தால், அந்தப் பத்து நாள் பழைய பத்து நூற்றாண்டின் நிழலாகிவிடும்.

2023இல் அதே அரசு கைவினைஞருக்கென்று விசுவகர்மா திட்டம் கொண்டுவந்தது. குடும்பத் தொழிலாக வழிவழியாகச் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குமாறு தமிழ்நாடு அரசு கேட்டது. நீக்கப்படாத நிலையில், இப்போதைய வடிவில் அதைச் செயல்படுத்த இயலாது என்று 2024 நவம்பரில் எழுதியது. 1953இன் நினைவு வீண் போகவில்லை என்பதற்கு அது சான்று. எனினும், வேண்டாம் என்று சொல்வதோடு நம் கடமை தீர்ந்ததாக எண்ணினால் நாம் பாதி வழியில் படுத்துறங்கியவர்கள் ஆவோம். வேண்டியது எது என்றும் சொல்ல வேண்டும்.

நாம் வேண்டுவது இது: பள்ளிப் பிள்ளை உலகத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் படிப்பை வெட்டியன்று, படிப்போடு கூட்டி. எட்டு வயதிலன்று, தன் மனத்தைத் தானே பேசத் தெரிந்த பதினாறு வயதில். ஒரே ஒரு பணியிடத்தில் அன்று. ஒன்று கையால் செய்வதாக, ஒன்று ஏட்டால் செய்வதாக, குறைந்தது இரண்டில். தந்தைக்குத் தெரிந்தவர் வழியாகவன்று, பள்ளி தேடித் தந்த இடத்தில். அதுவும் முதல் முறை தந்தையின் தொழில் அல்லாத ஒன்றில். ஏழைப் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் உதவித் தொகையும் தந்து. அடிபட்டால் அரசு பொறுப்பேற்று. தாசில்தார் மகனும் துப்புரவுத் தொழிலாளி மகளும் ஒரே பட்டியலிலிருந்து இடம் எடுக்கும்படி.

எல்லோருக்கும் பொது என்பது சிறு செய்தி அன்று. ஒண்டாரியோவில் 2024 செப்டம்பர் முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பட்டயம் பெறுவதற்குத் தொழில்நுட்பப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. மருத்துவர் மகனும் திருப்புளி பிடித்துப் பார்க்க வேண்டும். 1953இல் நாம் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? அத்துணை உயர்ந்தது என்றால் உயர்ந்தோர் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டோமே, அதற்கு ஒரு நாடு தன் போக்கில் விடை எழுதத் தொடங்கியிருக்கிறது.

தோழர்களே! நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தவர்கள். அந்த வாசலைத் திறந்து வைக்க எத்தனை பேர் அடிபட்டார்கள், சிறைப்பட்டார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த வாசல் வழியே உள்ளே போன நாம், பின்னால் வரும் தம்பியிடமும் தங்கையிடமும் இன்னொரு கட்டளையை நீட்டலாகாது. குலம் சொன்னதைச் செய் என்று அவர்கள் சொன்னார்கள். கௌரவம் சொன்னதைச் செய் என்று நாம் சொன்னால், கட்டளை இட்டவரின் பெயர் மாறியதே தவிரக் கட்டுண்டவன் நிலை மாறவில்லை.

உங்கள் ஊரில் ஒரு பள்ளி இருக்கும். அதைச் சுற்றி ஓர் ஆய்வகம், ஓர் அச்சகம், ஒரு மின்நிலையம், ஒரு மருத்துவமனை, ஒரு பட்டறை இருக்கும். ஓய்வு நாளில் பத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட அரசாணை வேண்டியதில்லை. அங்கே உள்ளவர்களிடம், "நீங்கள் செய்வதை இவர்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். திரும்பி வரும் வழியில், "எது பிடித்தது?" என்று கேளுங்கள். "எது பிடிக்கவில்லை?" என்றும் மறவாமல் கேளுங்கள். எந்தப் பிள்ளை தயங்காமல் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்கிறதோ, அந்தப் பிள்ளையின் காலில் தளை இல்லை.